ஆணி கூறும் காலம்

காஞ்சிபுரத்துக் கைலாசநாதர் கோயிலின் காலத்தை ஆராய்வோர்க்குக் கல்லிலேயே சான்று உண்டு. இராசசிம்ம பல்லவனின் விருதுப்பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. அந்நகரின் நெசவாளர் இல்லமொன்றில் பட்டும் சரிகையும் காத்துவந்த மரப்பெட்டகத்திற்கோ அத்தகைய எழுத்து இராது. வீட்டார், ‘பாட்டனார்க்கும் பாட்டனார் காலத்தது’ என்பர். வாங்கி விற்பவர், ‘நாயக்கர் காலத்தது’ என்று விலையை ஏற்றுவார். இருவர் சொல்லையும் ஒருபுறம் வைத்து, பெட்டகத்தின் ஆணியை நோக்குதல் நலம்.

கொல்லர் உலையிற் காய்ச்சி அடித்த ஆணி சதுரமான உடலுடையது. நான்கு பக்கமும் ஒடுங்கிக் கூராகும். தலையிற் சுத்தியலின் தழும்பு தோன்றும். ஒன்றைப் போல் மற்றொன்று இராது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், இரும்புத் தகட்டை வெட்டி ஆணியாக்கும் பொறிகள் மேனாடுகளில் தோன்றின. அவ்வாணி இரு பக்கங்களில் மட்டுமே ஒடுங்கும். இன்று நாம் கடையில் வாங்கும் உருண்டைக் கம்பியாணி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் பெருகிப் பரவியது. திருகாணியும் இவ்வாறே. கையால் அராவிய பழைய திருகாணியின் நுனி மழுங்கியிருக்கும். தலையிலுள்ள பிளவு நடுவினின்று சற்றே விலகியிருக்கும். தலையிற் சிலுவைக் குறியுடைய திருகாணி 1930களில் அமெரிக்காவில் வழக்கிற்கு வந்தது.

இங்கு ஒன்றை ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும். கம்பியாணி கண்ட பெட்டகம் பழையதன்று எனத் துணியலாமா? ஆகாது; பிற்காலத்தே பழுதுபார்த்தவர் அதனை அடித்திருக்கலாம். ஆணியைச் சுற்றியுள்ள மரத்தைக் காண்க. இரும்பின் துருவும் மரத்தின் துவர்ப்பும் கலந்து நாளடைவிற் கருங்கறை படியும். சதுரத் துளையில் உருண்டை ஆணி நின்றால், முன்னிருந்த ஆணி போயிற்று என்பது வெளிப்படை. சதுர ஆணி கண்டதனாலேயே பழைமை உறுதியாகிவிடாது. பொறியாணி வந்த பின்னரும் நம் ஊர்க் கொல்லர் நெடுங்காலம் கையால் ஆணி அடித்து வந்தனர். ஆதலின், ‘இவ்வாணி இக்காலத்திற்கு முன் அடிக்கப்பட்டதன்று’ என்பதே ஆணி தரும் உறுதியான சான்று.

ஆணியே இல்லாத பெட்டகங்களும் உண்டு. கைதேர்ந்த தச்சர், ஒரு மரத்தின் நுனியைச் செதுக்கி மற்றொன்றின் துளையிற் செருகி, மரமுளையால் இறுக்கிவிடுவார். அங்கே முளையையும் உளியின் தடத்தையுமே நோக்குதல் வேண்டும்.

பெட்டகத்தைப் பழுதுபார்க்கும்போது, துருவேறியதென்று பழைய ஆணிகளைப் பிடுங்கி எறிந்துவிடுகின்றனர். கழற்றியே தீரவேண்டுமாயின், எந்தத் துளையினின்று எடுத்தது எனக் குறித்து, ஒரு சிறு பையிலிட்டு, அப்பெட்டகத்தினுள்ளேயே வைத்துவிடலாம்.