வாங்காத கடன்: பதிவிலிருந்து நீக்கும் முறை

பயிர் வைக்கும் காலத்தில் கையில் பணம் இல்லையெனில் வேளாண்மை நடைபெறாது. ஆகவே தக்க தருணத்தில் கடன் கிடைப்பது உழவருக்கு மிக அவசியமாகும். கடன் கேட்டுச் சென்றால் இன்று வங்கியார் நிலப்பட்டாவுடன் கடன் தகவல் அறிக்கையையும் பார்க்கின்றனர். மக்கள் இதனைச் ‘சிபில்’ என்று வழங்குவர். ஒருவர் பெற்ற கடன்களும், செலுத்திய தவணைகளும், தவறிய தவணைகளும் இதில் பதியப்பெறும்; 300 முதல் 900 வரை மதிப்பெண்ணும் இடப்பெறும்.

இவ்வறிக்கையில் தாம் வாங்காத கடன் ஏறியிருப்பின் என் செய்வது? பிறருடைய ஆதார், பான் அட்டை விவரங்களைக் கொண்டு கடன் பெற்று மறைந்துவிடும் வஞ்சகர் உளர். தம் பான் எண்ணைக் கொண்டு எவரோ 2,500 ரூபாய் கடன் பெற்றதால் தம் மதிப்பெண் பாதிக்கப்பட்டதென்று இந்தித் திரைப்பட நடிகர் ராஜ்குமார் ராவ் 2022ஆம் ஆண்டில் வெளிப்படையாக அறிவித்தார். தொகை சிறிதாயினும் தீங்கு பெரிது. இத்தகைய பதிவினால், நாணயமான உழவருக்கும் பயிர்க்கடன் மறுக்கப்படலாம்.

இங்கு ஒன்றை வற்புறுத்திக் கூற விரும்புகிறோம். தொல்லை ஒழிந்தால் போதுமென்று அத்தொகையைச் செலுத்திவிடலாகாது. செலுத்தினால், கடன் தம்முடையதே என்று ஒப்புக்கொண்டதாகக் கருத இடமுண்டு. தவறிய தவணைகளின் குறிப்பும் அறிக்கையில் நின்றுவிடும். கணக்கு முடிந்ததென்று எழுதச் செய்வதும் போதாது. கணக்கையே நீக்கச் செய்தல் வேண்டும். அதற்குரிய படிகள் வருமாறு:

1. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சி.ஆர்.ஐ.எப். ஹைமார்க் என நம் நாட்டில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தருதல் வேண்டும். நான்கையும் பெற்று, அறியாத கணக்குகளையும், தமதல்லாத முகவரி, கைப்பேசி எண்களையும் குறித்துக்கொள்க.

2. 1930 என்ற தொலைபேசி எண்ணிலோ காவல் நிலையத்திலோ புகார் செய்து, அதற்குரிய சான்றைப் பெறுக. பிறர் அடையாளத்தைக் களவாடிப் பயன்படுத்துதல், 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும்.

3. கடன் கொடுத்த நிறுவனத்திற்கு எழுத்து மூலம் மனுச் செய்க. கடன் விண்ணப்பத்தின் நகலையும், பணம் எந்த வங்கிக் கணக்கிற்குச் சென்றது என்ற விவரத்தையும் கேட்க வேண்டும். பணம் தம் கணக்கிற்கு வரவில்லை என்பது வலுவான சான்றாகும்.

4. அக்கணக்கைக் காட்டும் ஒவ்வொரு தகவல் நிறுவனத்திற்கும் தனித்தனியே ஆட்சேபணை அனுப்புக. கடன் கொடுத்தவர் உறுதி செய்தாலன்றி அவர்கள் பதிவை மாற்றமாட்டார்கள். ஆதலின் இரு பக்கமும் மனு அவசியம். 30 நாட்களுக்குள் தீர்வு காணாவிடில், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ரிசர்வ் வங்கியின் இவ்விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது.

5. இதன் பின்னும் தீராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம், கட்டணம் இல்லை. மனுக்களின் நகல்களையும் அஞ்சல் ரசீதுகளையும் பத்திரப்படுத்துக. பதிவு நீங்கியதை மீண்டும் அறிக்கை பெற்று உறுதி செய்துகொள்க.

வருமுன் காத்தலே சிறந்தது. மதுரை கே.கே. நகர்ப் பகுதிக்கு மேலூர், வாடிப்பட்டி முதலிய ஊர்களிலிருந்து அலுவல் நிமித்தம் வருவோர், நகல் கடையில் எடுத்த ஆதார் நகலைக் கேட்டவரிடமெல்லாம் கொடுத்துவிடலாகாது. கொடுக்க நேரின், எதற்காகக் கொடுக்கிறோம் என்பதையும் தேதியையும் நகலின் மீதே எழுதிக் கையொப்பமிடுக. கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை எவரிடமும் கூறற்க. மனு எழுதித் தருவதாகக் கூறிப் பணம் கேட்கும் தரகரையும் நம்பவேண்டா.

ஊராட்சிப் பெருமக்கள் இச்செய்தியைக் கிராம சபையில் படித்துக் காட்டுதல் நலம். மகளிர் குழுவினருக்கும் இதனை விளக்குக. எழுதப் படிக்க அறியாத முதியவர் ஒருவருக்கு மனு எழுதிக் கொடுத்தால், அவர் குடும்பத்தின் அடுத்த போகத்தைக் காத்தவராவோம்.