உறங்கிய மின்கல அடுக்கு

தில்லியின் தை மாதக் காலை. மூடுபனியில் எதிர்வீட்டுச் சுவரும் தெரியவில்லை. ஒன்பது மணிக்குப் பத்தாம் வகுப்பு மாதிரித் தேர்வு. வினாத்தாள் உறையைப் பிரிக்க வேண்டியவன் நான். மோட்டார் சைக்கிளின் பொத்தானை அழுத்தினேன். 'டக்' என்னும் ஒலி மட்டுமே எழுந்தது. புதுவகை வண்டியாதலால் உதைத்துக் கிளப்பவும் வழியில்லை. மதுரையில் இருந்தவரை எந்தத் தை மாதமும் என் வண்டியை நிறுத்தியதில்லை!

பேட்டரி போயிற்று என்றே முடிவு கட்டினேன். கீழ்வீட்டில் வாழும் திருநெல்வேலி அண்ணாச்சி தொழிற்சாலையில் மின்பணியாளர். "சார், அதுக்குள்ள தீர்ப்புச் சொல்லிராதீங்க. ஹாரன் அடிங்க" என்றார். அது கணீரென்று ஒலித்தது. மீண்டும் பொத்தானை அழுத்தியபோது முகப்பு விளக்குகள் முற்றிலும் அணைந்து, கையை எடுத்ததும் எரிந்தன.

"ஒற்றையடிப் பாதையில ஆள் நடக்கலாம், தேர் போகுமா?" என்று அவர் கேட்டார். ஹாரனுக்குச் சிறிதளவு மின்னோட்டம் போதும். பொறியைச் சுழற்றும் மோட்டாருக்கோ பன்மடங்கு வேண்டும். மின்னேற்றம் குறைந்திருந்தால் ஹாரனும் கம்மியிருக்கும். ஆகவே, குறை இணைப்பில் இருக்கக்கூடும்.

இருக்கையை அகற்றினோம். நேர்முனையில் வெண்பச்சைப் பொடி படிந்து, திருகும் தளர்ந்திருந்தது. அண்ணாச்சி எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றினார். நேர்முனையை முதலில் கழற்றினால், திருப்புளி வண்டியின் இரும்புச் சட்டத்தில் பட்டுத் தீப்பொறி பறக்கலாம். சமையல் சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் போக்கி, நேர்முனையை முதலிலும் எதிர்முனையைப் பின்னரும் இறுக்கினார். அடுக்கினுள் கந்தக அமிலம் உண்டு. எனவே இது கையுறை அணிந்த பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. ஹாரன் ஒலியைக் கேட்டுச் சொல்வது உங்கள் பங்கு.

கடைத்தெருவின் 'பேட்டரி' அறிவியல் நூல்களில் 'மின்கல அடுக்கு'. ஏறத்தாழ 2 வோல்ட் தரும் 6 மின்கலங்களைத் தொடராக இணைத்தால் 12 வோல்ட். பெயரே அமைப்பைச் சொல்லிவிடுகிறது. முழு மின்னேற்றத்தில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். அண்ணாச்சியின் மானியோ 12.3 காட்டியது. குளிரில் வேதிவினை மந்தமாகும்; எண்ணெயும் கெட்டிப்படும். பள்ளிக்கு நான் செல்லும் இரண்டு கிலோமீட்டர், வண்டியைக் கிளப்பச் செலவான மின்னாற்றலை ஈடுசெய்யப் போதாது.

பொத்தானை அழுத்தினேன். பொறி இரண்டு முறை முனகிப் பின் உறுமியது. மணி எட்டு நாற்பது. நன்றி சொல்லத் திரும்பினால், அண்ணாச்சி தம் மிதிவண்டியில் பனிக்குள் மறைந்திருந்தார்.

பயிற்சி

1. ஹாரன் ஒலித்தும் வண்டி கிளம்பாதது ஏன்?
2. 'கணீரென்று', 'கம்மிய' ஆகிய சொற்களைக் குரலைக் குறித்து வாக்கியத்தில் அமைக்க.
3. வண்டி உறுப்புகள் ஐந்திற்கு உங்கள் ஊர்ப் பெரியோர் வழங்கும் பெயர்களைத் தொலைபேசியில் கேட்டு எழுதுக.