குதிக்கால் மண்ணில் புதையும் கணம்

முந்தல்

அன்புள்ள மருமகனுக்கு,

அனிமேஷன் இளவட்டங்களின் தொழில், நாற்பதுக்குப் பிறகு கற்பனை வற்றிவிடும், அதனால் இப்போதே வேறு வேலை தேடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அது சரியாகப் படவில்லை. பழசாகிப் போவது பெரும்பாலும் கருவிதான். பழி மட்டும் கற்பனையின் மேல் விழுகிறது. ராம் மோகனை எடுத்துக்கொள். 1931இல் பிறந்து, வேதியியல் படித்து, 1956இல் பம்பாய் ஃபில்ம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தவர். டிஸ்னியில் இருந்த கிளேர் வீக்ஸிடம் பயின்றார். சொந்த நிறுவனம் தொடங்கியது 1972இல், நீ பயப்படுகிற அந்த நாற்பதில். யுகோ சாகோவுடன் இணைந்து ஜப்பானியக் கூட்டுத் தயாரிப்பாக இராமாயணத்தை இயக்கி முடித்தபோது அறுபதைத் தொட்டிருந்தார். யுனிசெஃபின் ‘மீனா’, பள்ளிக்குப் போக ஆசைப்படும் அந்தக் கிராமத்துச் சிறுமி, அதற்குப் பிறகும் அவரிடம் வளர்ந்தாள். 2006இல் அனிமேஷன் பள்ளி தொடங்கினார். புதியவனாக நிற்க வேண்டிய இடங்களுக்கே அவர் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்.

ஒருவரை வைத்து விதி சொல்லலாமா என்று கேட்பாய். ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகி 2013இல் ஓய்வு அறிவித்தார். 2023இல், எண்பத்திரண்டு வயதில், புதுப்படம் தந்தார். (அவருடைய ஓய்வு அறிவிப்பை இனி யார் நம்புவார்கள்!) இவர்கள் பெரிய நகரத்துப் பெரிய மனிதர்கள், நமக்குச் சோறு யார் போடுவது என்பதுதான் வலுவான கேள்வி. அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். ராம் மோகனின் நிறுவனமும் விளம்பரப் படங்கள் செய்துதான் பிழைத்தது. கூலி வேலையைக் கேவலமாக நினைக்காதே. ஆனால் அதிலேயே முழுநாளையும் கொடுத்துவிடாதே.

இனிக் கணினியே வரைந்துவிடும் என்கிறாய். ஒரு வினாடிக்கு இருபத்துநான்கு சட்டகம்; கையால் வரைபவர்கள் பெரும்பாலும் பன்னிரண்டு படத்தில் சமாளிப்பார்கள். இடையில் உள்ளதைக் கணினி நிரப்பட்டும். ஆனால் உடப்புக் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களைப் பார்: அவர்கள் பாடும் அம்பாப் பாட்டின் இழுப்போடு உடம்பு பின்சாயும், குதிக்கால் மண்ணில் புதையும், பிறகுதான் கயிறு அசையும். பாரம் எவ்வளவு என்பது அந்தத் தாமதத்தில்தான் தெரிகிறது. அதை எத்தனை சட்டகம் நீட்டுவது என்று தீர்மானிக்கப் பல வருடம் பார்த்த கண் வேண்டும். முதியவரின் விரல் நடுங்கலாம். இந்தக் கணக்கு அவருக்குத்தான் பிடிபடும்.

வேலையை விடுவதானால் சம்பளம் போதவில்லை என்று விடு, மறுக்க மாட்டேன். வயதைக் காரணம் சொல்லாதே. முடிவெடுப்பதற்கு முன் ஒரு கிழமை உடப்புக் கரைக்குப் போய், வலை இழுப்பவர்களின் கால்களை மட்டும் வரைந்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா