டிரெய்லர் இழுக்கும் விவசாயிகள் கவனத்திற்கு

ஏரல், ஆத்தூர்ப் பகுதியில் அறுத்த வாழைத்தாரும், விளாத்திகுளம் கரிசலில் விளைந்த மக்காச்சோளமும், மிளகாயும் சந்தைக்குப் போக இன்று டிராக்டர் டிரெய்லரே துணை. ஆனால் நம் மாவட்டச் சாலைகள் உழவருக்கு மட்டும் உரியவை அல்ல. தூத்துக்குடித் துறைமுகத்திற்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளும், உப்பு லாரிகளும் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றுக்கு நடுவே டிரெய்லரை இழுப்பவர் சில விஷயங்களைத் தெரிந்து வைத்திருத்தல் அவசியம்.

இணைப்பு

டிராக்டரின் எடை சுமார் 2 டன். சுமையேற்றிய டிரெய்லர் அதைவிட அதிக எடை இருக்கலாம். பல டிரெய்லர்களில் தனி பிரேக் கிடையாது. ஆகவே திடீரென பிரேக் போட்டால் டிரெய்லர் டிராக்டரை முன்னே தள்ளும். வளைவில் பக்கவாட்டில் மடக்கியும் விடும். சுமை கூடக்கூட வேகத்தைக் குறைப்பதே வழி.

டிரெய்லரை டிராக்டரின் பின்புறம் தாழ்வாக உள்ள இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். உயரமான இடத்தில் மாட்டி இழுத்தால் முன் சக்கரங்கள் தூக்கி, டிராக்டர் பின்பக்கமாகக் கவிழும். இணைப்பு ஆணி கழன்று விழாதபடி கீழே பூட்டுக் கம்பி இடுங்கள். கூடவே ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் பிணையுங்கள். நம் கடற்கரையில் உப்புக் காற்று இரும்பை விரைவில் அரித்துவிடும். எனவே ஆணி, சங்கிலி, சக்கர நட்டு ஆகியவற்றை அடிக்கடி பார்த்து, தேய்ந்ததை மாற்றுங்கள். துரு ஏறாதபடி கிரீஸ் தடவுங்கள்.

வயலில் தனித்தனியே மிதிக்கும் இடது, வலது பிரேக் மிதிகளைச் சாலைக்கு வருமுன் ஒன்றாகப் பூட்டிவிடுங்கள். ஒரு பக்க பிரேக் மட்டும் பிடித்தால் வண்டி சுழன்றுவிடும். இறக்கத்தில் நியூட்ரலில் விடாதீர்கள். தாழ்ந்த கியரில் இறங்குங்கள்.

சுமை

இரு சக்கர டிரெய்லரில் பாரத்தை அச்சுக்குச் சற்று முன்பாக அமையுமாறு ஏற்றுங்கள். பின்பக்கம் அதிகமானால் கொக்கி மேலே தூக்கி, டிராக்டரின் பின் சக்கரங்கள் பிடிமானம் இழக்கும். முன்பக்கம் மிக அதிகமானால் டிராக்டரின் முன் சக்கரங்கள் தூக்கி, ஸ்டியரிங் கட்டுப்படாது. வைக்கோல், வாழைத்தார் பக்கவாட்டில் நீட்டாமலும், மின்கம்பியில் படாத உயரத்திலும் இருக்கட்டும்.

2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். ஒரு நடை மிச்சம் பிடிக்கப் போய் விளைச்சல் பணத்தையே இழக்க நேரலாம்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. அதற்குத் தனிப் பதிவு வேண்டும். டிரெய்லரின் எண்ணை அதன் பக்கத்திலும், இழுக்கும் டிராக்டரின் எண்ணை டிரெய்லரின் பின்னாலும் எழுத வேண்டும். காப்பீடு எடுக்கும்போது டிரெய்லரையும் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள்.

டிராக்டர் ஓட்டும் லைசென்ஸ் உள்ளவர் டிரெய்லர் மாட்டி ஓட்டினால் லைசென்ஸ் செல்லாதா என்று பலர் கேட்கின்றனர். டிரெய்லர் மாட்டிய காரணத்தால் மட்டும் அந்த லைசென்ஸ் செல்லாமல் போகாது என்று 2001-இல் நாகஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆனால் 18 வயது நிரம்பாத பையனிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும்.

விவசாயப் பயனுக்கென்று பதிவு செய்த வண்டியில், வேலை இல்லாத மாதங்களில் கூலிக்கு உப்பு ஏற்றுவோரும் கவனிக்க வேண்டும். அது விவசாயப் பயன் ஆகாது. விபத்து நேர்ந்தால் நிபந்தனை மீறல் என்று காப்பீட்டு நிறுவனம் வாதாடும். நஷ்ட ஈடு உங்கள் தலையில் விழலாம். வாடகைக்கு ஓட்ட விரும்பினால் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உரிய அனுமதி பெறுங்கள்.

ஆட்களை ஏற்றாதீர்

திருச்செந்தூர்த் திருவிழாவுக்கும், தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவுக்கும் குடும்பத்தோடு டிரெய்லரில் கிளம்புவது வேண்டாம். உத்தரப் பிரதேசம் கான்பூர் மாவட்டத்தில் 2022 அக்டோபர் 1 அன்று, கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களின் டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 26 பேர் இறந்தனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. டிரெய்லரில் பிடித்துக்கொள்ளப் பிடி இல்லை. கவிழ்ந்தால் காக்கக் கூரையும் இல்லை. அறுவடைக் கூலியாட்களுக்கும் இதுவே பொருந்தும்.

இரவில்

பின்னால் வரும் லாரி ஓட்டுநர் கண்ணுக்கு, விளக்கில்லாத டிரெய்லர் அருகில் வரும்வரை தெரியாது. எனவே பின்புறம் இரண்டு சிவப்புப் பிரதிபலிப்பான்களும், எரியும் சிவப்பு விளக்கும் கட்டாயம் இருக்கட்டும். பக்கங்களிலும் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். தார்ப்பாயோ வைக்கோலோ அவற்றை மறைக்கக் கூடாது. பஞ்சரானால் தார்ச்சாலையை விட்டு இறக்கி நிறுத்தி, சக்கரத்திற்குக் கட்டை கொடுங்கள். இருட்டில் நடுச்சாலையில் விட்டுப் போகாதீர்கள்.

மாட்டு வண்டியின் அடியில் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிடாமல் நம் பெரியவர்கள் இரவில் சாலைக்கு வண்டி பூட்டியதில்லை. அந்த எச்சரிக்கை டிரெய்லருக்கும் வேண்டும். விளைந்ததெல்லாம் வீடு வந்து சேரவேண்டும்; ஓட்டிப் போனவரும் வந்து சேரவேண்டும்.