கரிசற் புஞ்சையில் கோணல் இலந்தை மரத்தைச் சீர்திருத்தும் முறை

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் ஆகிய பகுதிகளின் கரிசற் புஞ்சைகளில் வரப்போரங்களிலும் ஓடைக்கரைகளிலும் நாட்டு இலந்தை மரங்கள் தாமாகவே முளைத்து நிற்கின்றன. இவற்றுள் நேராக வளர்ந்தவை மிகச் சிலவே. பெரும்பாலானவை ஒரு பக்கமாய்ச் சாய்ந்தும், நடுவில் முடிச்சு விழுந்தும், பின்னிய முட்கிளைகளோடு புதர்போற் காட்சியளிக்கின்றன. இவற்றின் கனி சிறியது, கொட்டை பெரியது, சதை சொற்பம். ஆகையால் உழவுக்கு இடைஞ்சலென்று கருதி இவற்றை வேரோடு பெயர்த்தெறிவதே வழக்கமாகிவருகிறது. இவ்வாறு எறியப்படுவது எத்தகைய பொருள் என்பதை விவசாயிகள் சற்று ஆலோசித்தல் நலம்.

கோணல் நேர்ந்த காரணம்

மரத்தின் கோணல் அதன் பிறவிக் குணமன்று. இளமையில் வெள்ளாடு குருத்தைக் கடித்துவிடுகிறது, பக்கக்கிளை தலையெடுக்கிறது. வேலிக்கு முள் வேண்டி ஆண்டுதோறும் எட்டிய கிளைகளை அரிவாளால் வெட்டுகிறார்கள். வெட்டிய இடந்தோறும் கொத்துக் கொத்தாய்த் தளிர்கள் எழுந்து நெருங்கிப் பின்னுகின்றன. ஆடிக்காற்று ஒரே திசையிலிருந்து ஓயாமல் அடித்து, இளந்தண்டைச் சாய்த்துவிடுகிறது. ஆகவே குறை முழுவதும் தரைக்கு மேலேதான் இருக்கிறது.

தரைக்குக் கீழே நிலைமை வேறு. இலந்தையின் ஆணிவேர் மிக ஆழமாய்ச் செல்லும் இயல்புடையது. கோடையில் கரிசல் மண் வெடித்து மேல்வேர்கள் அறுந்தாலும், அடியிலுள்ள ஈரத்தைக் கொண்டு அம்மரம் பிழைத்துக்கொள்கிறது. வடகிழக்குப் பருவமழையையே நம்பியிருக்கும் இப்பகுதியில், புதிதாய் நட்ட ஒரு கன்று அத்தகைய வேரை அடையப் பல ஆண்டுகள் செல்லும். அதுவரை கோடைதோறும் நீர் சுமந்து ஊற்ற வேண்டும். பழைய மரத்தை அகற்றுவோர் இந்த வேரையே இழக்கிறார்கள். தலையை மாற்றி வேரைக் காத்துக்கொள்வதே இங்கு விவரிக்கப்படும் முறையின் சாரம்.

ஜப்பான் தேசத்தில் தொட்டிகளில் குள்ள மரங்களை வளர்ப்போரும் இதே நெறியைக் கைக்கொள்கின்றனர். அடிமரமும் வேரும் நன்றாயிருந்தால், கோணல் தலையை நீக்கிவிட்டு, புதிதாய் எழும் தளிரொன்றைத் தலைக்கிளையாக வளர்க்கிறார்கள். அவர்கள் அழகுக்காகச் செய்வதைக் கரிசல் விவசாயி கனிக்காகச் செய்யலாம்.

மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

எல்லா மரங்களும் இதற்கு ஏற்றவையல்ல. அடிமரத்தைக் கத்தி நுனியால் சுரண்டிப் பார்த்தால் பட்டையின் உட்புறம் பசுமையாயும் ஈரமாயும் இருத்தல் வேண்டும். தட்டினால் பொள்ளலாய் ஒலிப்பனவும், அடியில் உளுத்துப் போனவையும் தள்ளத்தக்கவை. பட்டையின்மேல் மரத்தூளும் எச்சமும் கலந்த நூலாம்படை காணப்பட்டால், பட்டை தின்னும் புழு உள்ளே இருக்கிறதென்று அறியலாம். அதைத் துடைத்துவிட்டு, துவாரத்தில் மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைத் திணித்து, மேலே சேறு பூசி அடைத்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.

வெட்டும் காலமும் விதமும்

கனி முடிந்து இலையுதிரும் பங்குனி மாதமே இதற்குத் தக்க காலம். தொடைப் பருமனுக்கு உட்பட்ட அடிமரத்தைத் தரையிலிருந்து இரண்டு அல்லது மூன்று அடி உயரத்தில் அறுக்கலாம். அதனினும் பருத்த கிழமரத்தில் அடிமரத்தைத் தொடாமல், கவட்டிலிருந்து ஓரடி விட்டுக் கிளைகளை மாத்திரம் அறுப்பது உத்தமம். பெரிய காயம் சீக்கிரம் ஆறுவதில்லை.

அரிவாளால் கொத்துதல் கூடாது. ரம்பத்தால் முதலில் அடிப்பக்கத்தில் சிறிது அறுத்துக்கொண்டு, பிறகு மேலிருந்து அறுத்தால் பட்டை கிழியாது. வெட்டுவாய் சற்றுச் சாய்வாயிருந்தால் மழைநீர் தங்காது. மயில்துத்தம் 100 கிராமும் சுட்ட சுண்ணாம்பு 100 கிராமும் ஒரு லிட்டர் நீரிற் சேர்ந்த போர்டோப் பசையை வெட்டுவாயில் தடவ வேண்டும். இதை மண்பாண்டத்திலோ பிளாஸ்டிக் வாளியிலோ தயாரிக்கலாம். இரும்புப் பாத்திரம் உதவாது.

வெட்டிய முட்களை விற்றுவிடாமல் அடிமரத்தைச் சுற்றிலும் அடைக்க வேண்டும். இந்த அடைப்பில்லாவிடில் முதல் தளிரை ஆடு தின்றுவிடும். மரம் மறுபடியும் பழைய கோணலுக்கே திரும்பும்.

தளிர்களைத் தெரிதல்

சில வாரங்களில் அடிமரத்தைச் சுற்றி ஏராளமான தளிர்கள் கிளம்பும். இவற்றைக் கண்டு மகிழ்ந்து அப்படியே விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. ஒரு சாண் வளர்ந்ததும், வெவ்வேறு திசைகளை நோக்கிய மூன்று அல்லது நான்கு வலிய தளிர்களை மட்டும் நிறுத்தி, மற்றவற்றைக் கிள்ளியெறிய வேண்டும். மரத்தின் வருங்கால உருவம் இந்நாளிலேயே தீர்மானமாகிறது.

அடிமரம் கிழக்கே சாய்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். சாய்வின் மேற்புறத்திலிருந்து எழும் தளிர் நிமிர்ந்து வளரும். அடிப்புறத்துத் தளிர் தரையை நோக்கித் தொங்கும். ஆகவே மேற்புறத்துத் தளிர்களையே நிறுத்தல் வேண்டும். அவ்வாறு செய்தால் சாய்ந்த அடிமரத்தின் மேலும் பாரம் நடுவில் அமையும். ஆடிக்காற்றில் இளந்தளிர்கள் ஒட்டிய இடத்திலிருந்தே பிய்ந்துபோகக்கூடுமாகையால், கம்பு நட்டு வாழைநாரால் தளர்த்தியாய்க் கட்டுவது அவசியம்.

கண் ஒட்டுதல்

தளிர் பென்சில் பருமன் அடைந்து, பட்டை எளிதில் உரியும் பதத்தில் ஒட்ட வேண்டும். ஆடிக் கடைசி முதல் புரட்டாசி வரை, மழைத்தூறலுக்குப் பின் இப்பதம் வாய்க்கும். பட்டை உரியாத நாளில் ஒட்டுவது வீண்சிரமம்.

முன்பருவத்தில் காய்க்கும் கோலா, பெருங்கனி தரும் உம்ரான், பனாரசி முதலிய ரகங்களின் காய்க்கும் மரத்திலிருந்து ஒட்டுக்குச்சி எடுக்கலாம். இலையை நீக்கி, காம்பை மட்டும் விட்டு, குச்சியை ஈரச்சாக்கிற் சுற்றிக் கொணர்ந்து அன்றே ஒட்டுவது நலம். தளிரின் பட்டையில் ஆங்கில டி எழுத்து வடிவாய் ஓரங்குல நீளத்திற்குக் கீறி, கேடய வடிவாய்ச் சீவிய கண்ணை உள்ளே செருகி, கண் வெளியே தெரியும்படி பாலிதீன் நாடாவால் இறுகச் சுற்ற வேண்டும்.

இரண்டு மூன்று வாரங்கள் கழித்துக் காம்பைத் தொட்டால் அது தானே உதிருமாயின் ஒட்டுப் பிடித்தது. கருகி ஒட்டிக்கொண்டிருந்தால் பிடிக்கவில்லை. பிடிக்காத தளிரில் எதிர்ப்புறத்தில் மறுபடி ஒட்டலாம். பிடித்தபின் நாடாவை நீக்கி, கண்ணுக்கு மேல் அரையடி விட்டுத் தளிரை நறுக்கி, புதுக்கிளை ஓரடி வளர்ந்ததும் மிச்சத்தையும் நீக்கிவிட வேண்டும்.

பின்னர் வேண்டிய கவனம்

ஒட்டுக்குக் கீழே காட்டுத்தளிர்கள் இடைவிடாது முளைக்கும். அவை ஒட்டுக்கிளையைவிட வேகமாய் வளர்வன. மாதமொருமுறை அவற்றை நீக்காவிடில், இரண்டே ஆண்டுகளில் நல்ல ரகம் நலிந்து, நாட்டு மரமே மிஞ்சும். ஒட்டுப் பிடிக்கவில்லையென்று பிற்பாடு குறைகூறுவோர் பலருடைய மரங்களில் நிகழ்வது இதுவே.

இலந்தை அவ்வாண்டில் எழும் புதுக்கிளையிலேயே பூத்துக் காய்க்கிறது. ஆகையால் ஒவ்வோர் ஆண்டும் பங்குனியில் சென்ற ஆண்டுக் கிளைகளைச் சுமார் பாதியளவுக்குக் குறைத்து, உள்நோக்கி வளர்வனவற்றையும் ஒன்றையொன்று உரசுவனவற்றையும் நீக்க வேண்டும். கவாத்துச் செய்யாத மரம் உயர்ந்துகொண்டே போய் நுனியில் மட்டும் காய்க்கும். நிழலும் பயிர்மேல் அதிகமாய் விழும்.

மழைக்காலத்திற்குப்பின் இலையிலும் பிஞ்சிலும் வெண்பொடி படர்ந்தால் அது சாம்பல் நோய். நனையும் கந்தகம் லிட்டர் நீருக்கு 2 கிராம் வீதம் கலந்து தெளிக்கலாம். கனியைக் குடையும் ஈயின் புழுக்கள் மண்ணிலே கூட்டுப்புழுவாய்த் தங்குவதால், உதிர்ந்த கனிகளைப் பொறுக்கி அழிப்பதும், கோடையில் மரத்தடியைக் கொத்திவிடுவதும் பயன்தரும்.

வரவும் இழப்பும்

இம்முறையில் இழப்பே இல்லையென்று கூறுவது நேர்மையாகாது. வெட்டிய ஆண்டில் கனியுமில்லை, ஆட்டுக்குத் தழையுமில்லை. ஆகவே உள்ள மரங்கள் யாவற்றையும் ஒரே ஆண்டில் வெட்டாமல், மூன்றில் ஒரு பங்கு வீதம் எடுத்துக்கொள்வது விவேகம். ஒட்டிய மரம் அடுத்த பருவத்திலேயே சில கனிகளைக் காட்டலாம். நிறைந்த காய்ப்பை மூன்றாம் ஆண்டு முதல் எதிர்பார்க்கலாம். மழை பொய்த்துப் பருத்தியும் உளுந்தும் கைவிட்ட ஆண்டிலும், மார்கழி முதல் மாசி வரை சந்தைக்குக் கனி தரக்கூடியது இம்மரம். விற்காத கனியைக் காயவைத்து, உப்பும் மிளகாயும் வெல்லமும் பெருங்காயமும் சேர்த்து இடித்து, இலந்தை வடை தட்டுவதும் வழக்கத்திலுள்ள தொழிலே.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

பட்டா நிலத்து மரம் உரியவருடையது. இரு நிலங்களுக்கு நடுவரப்பில் நிற்கும் மரத்தை இருவரும் இசைந்த பின்னரே வெட்ட வேண்டும். பிற்பாடு கனியைப்பற்றி எழும் வழக்கு இதனால் தவிரும். ஓடை, கண்மாய்ப் புறம்போக்கு மரங்களை உரிய அதிகாரிகளின் அனுமதியின்றித் தொடலாகாது. ஊர்தோறும் பலரும் போகும் பாதையோரத்தில் ஒரு மரத்தையேனும் இம்முறைப்படி சீர்திருத்தி வைத்தால், நூறு பிரசங்கங்களைவிட அது அதிகம் போதிக்கும்.

துணிந்து ஒருமுறை வெட்டுதல், பொறுமையாய்த் தளிர் தெரிதல், ஆண்டுதோறும் தவறாது கவாத்துச் செய்தல் ஆகிய மூன்றையும் கடைப்பிடிப்பவருக்கு, பாட்டன் காலத்து வேர் பேரன் காலத்துக் கனியைக் கொடுக்கும். பெயர்த்தெறிய வரும் யந்திரத்திற்குக் கூலி பேசுமுன், கத்தி நுனியால் அடிமரத்தை ஒருமுறை சுரண்டிப் பார்ப்பது ஒவ்வொரு நிலச்சுவான்தாரின் கடமையாகும்.