பங்குப் பணத்துக்கு வட்டி இல்லையா? – ஒரு கணக்குப் பாடம்



"பேங்க் கடன்னா வட்டி கட்டணும். பங்குப் பணத்துக்கு வட்டி கிடையாது. அதனால இன்னும் கொஞ்சம் பங்கு சேர்ப்போம்" என்று கம்பெனிக் கூட்டங்களில் சொல்வதுண்டு. நம் குழுக்களில் பலர் இன்று உற்பத்தியாளர் கம்பெனியில் பங்குதாரர்கள், சிலர் இயக்குநர்களும்கூட. இந்தப் பேச்சுக்குச் சும்மா தலையாட்டிவிட்டு வரக்கூடாது. பங்குப் பணத்துக்கும் ஒரு செலவு உண்டு. அதைக் கணக்குப் போடலாம்.

பங்குச் சந்தையில் இருக்கிற ஒரு மசாலாக் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பங்கின் விலை 150 ரூபாய். லாபத்திலிருந்து இந்த ஆண்டு பங்குக்கு 10 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் ஈவுத்தொகை, டிவிடெண்டு என்றும் சொல்வார்கள். இது ஆண்டுக்கு 5 சதவீதம் கூடிக்கொண்டே போகும் என்று எதிர்பார்ப்பு.

முதலில் அடுத்த ஆண்டு ஈவைக் கண்டுபிடிங்க. 10 ரூபாயில் 5 சதவீதம் 50 பைசா. ஆக 10.50 ரூபாய். இதைப் பங்கின் விலையால் வகுங்க:

10.50 ÷ 150 = 0.07, அதாவது 7 சதவீதம்.

இதோடு வளர்ச்சி 5 சதவீதத்தைக் கூட்டினால் 12 சதவீதம். நம்ம பாஷையில் மாதம் ஒரு வட்டி! வட்டி இல்லாத பணம் என்றார்களே, அதன் செலவு இது.

பலரும் இந்த ஆண்டு ஈவான 10 ரூபாயையே போட்டு வகுத்துவிடுவார்கள். அது தப்பு. இன்று பங்கு வாங்குபவர் கைக்கு வரப்போவது அடுத்த ஈவுதான்.

"வளர்ச்சியை ஏன் கூட்டணும்?" என்று கேட்பீங்க. ஈவு 5 சதவீதம் கூடினால் பங்கின் விலையும் அதே அளவு ஏறி 157.50 ஆகணும். விலையில் 7.50, ஈவில் 10.50, மொத்தம் 18 ரூபாய். 150 ரூபாய் போட்டவருக்கு 18 ரூபாய் என்றால் 12 சதவீதம்தானே? மைரான் கார்டன், எலி ஷாபிரோ என்ற இரண்டு பேராசிரியர்கள் 1956-ல் எழுதிய கட்டுரையில் இந்த வழி இருக்கிறது.

அந்த 5 சதவீதம் எங்கிருந்து வந்தது? பங்குக்கு லாபம் 20 ரூபாய். பாதியைக் கொடுத்துவிட்டு, பாதியைத் தொழிலிலேயே போடுகிறார்கள். தொழிலில் போட்ட பணம் 10 சதவீதம் சம்பாதிக்கிறது. பத்தில் பாதி ஐந்து. இங்கேதான் கவனிக்கணும். 12 சதவீதம் செலவாகிற பணத்தை வைத்து 10 சதவீதம்தான் சம்பாதிக்கிறார்கள். ஒரு வட்டிக்கு வாங்கி முக்கால் வட்டிக்கு விட்டால் குழு தாங்குமா? அந்தப் பாதியையும் பங்குதாரரிடமே கொடுத்திருக்கலாம்.

ஈவே கொடுக்காத கம்பெனிக்கு இந்தக் கணக்கு ஆகாது. ஒரு வருஷம் திடீரென்று 30 சதவீதம் கூடியதை வைத்து வளர்ச்சியைப் போடுவதும் ஆகாது.

நம்ம உற்பத்தியாளர் கம்பெனிக்கும் இது அப்படியே பொருந்தாது. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கம்பெனிச் சட்டத்துக்குள் வந்த இந்த வகைக் கம்பெனியில், பங்கை முகமதிப்பில்தான் இன்னொரு உறுப்பினருக்கு மாற்றலாம். ஈவுக்கும் உச்சவரம்பு உண்டு, அது கம்பெனியின் விதிகளில் இருக்கும். சந்தை விலை இல்லாததால் வகுக்க எண் கிடையாது. அதனால் வேறு மாதிரி கேளுங்க: இந்த ஆயிரம் ரூபாய் குழுவின் உள்கடனில் இருந்தால் என்ன சம்பாதிக்கும்? கம்பெனி தரும் ஈவு, நாம் போட்ட சரக்குக்குக் கிடைக்கும் போனஸ், கூடுதல் விலை எல்லாம் சேர்ந்து அந்த அளவுக்கு வருதா? கூடுதல் பங்கு கேட்கிற அன்றைக்கே இதைக் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்க.

பயிற்சி: பங்கு விலை 80 ரூபாய், இந்த ஆண்டு ஈவு 5 ரூபாய், வளர்ச்சி 4 சதவீதம். செலவு எவ்வளவு? குழுக் கூட்டத்தில் போட்டுப் பாருங்க. (விடை: 10.5 சதவீதம்)