கசியும் குளிர், கரையும் லாபம்



மூட்டையில் ஓட்டை விழுந்தால் நமக்கு உடனே தெரிந்துவிடும். கீழே அரிசி சிந்திக் கிடக்கும். எண்ணெய் டின் ஒழுகினால் தரையே காட்டிக் கொடுத்துவிடும். தராசில் பத்து கிராம் கூடப் போனாலும் நம் கை உணரும். ஆனால் காசு கொடுத்து உண்டாக்கிய குளிர், கதவு இடுக்கு வழியாக இரவும் பகலும் வெளியேறிக்கொண்டிருந்தால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. மின் கட்டண ரசீது வரும்போதுதான் நெற்றியைச் சுருக்குகிறோம். அப்போதும் "கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். கட்டணத்தை நிர்ணயிப்பது நம் கையில் இல்லை. கசிவை அடைப்பது நம் கையில்தான் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வழியை இப்பாடத்தில் பார்ப்போம்.

குளிர் நாட்டில் பரவிய பழக்கம்

அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் பனிக்காலத்தில் எண்ணெயோ எரிவாயுவோ எரித்து வீட்டைச் சூடாக வைத்திருப்பார்கள். கதவு, ஜன்னல் இடுக்குகளில் குளிர்காற்று புகுந்தால் அந்தச் சூடு வீணாகும். 1973-ல் உலக அளவில் எண்ணெய் விலை கடுமையாக உயர்ந்த பிறகு, வீட்டை இடுக்கு இடுக்காகச் சோதித்து அடைக்கும் வழக்கம் அங்கே பரவியது. ஏழைகளின் வீடுகளை இப்படிச் சரிசெய்து கொடுக்க 1976-ல் அமெரிக்க அரசு சட்டமே இயற்றியது. வாசற்கதவில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி உள்காற்றை வெளியே இழுப்பார்கள். எந்த இடுக்கில் காற்று சீறிக்கொண்டு உள்ளே வருகிறதோ, அங்கேதான் ஓட்டை.

நம் நாட்டில் ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001-ல் வந்தது. அதன்கீழ் எரிசக்தித் திறன் பணியகம் 2002-ல் தொடங்கப்பட்டது. பிரிட்ஜிலும் ஏ.சி.யிலும் நாம் காணும் நட்சத்திர முத்திரை 2006-ல் இந்தப் பணியகம் கொண்டுவந்ததுதான்.

மறைமலைநகரில் மார்கழி மாதத்தில்கூட யாரும் வீட்டுக்குள் நடுங்குவதில்லை. நமக்குக் கதை நேர்மாறு. வெயில் உள்ளே வருகிறது; காசு கொடுத்த குளிர் வெளியே போகிறது. ஆனால் சோதிக்கும் முறை ஒன்றுதான்: இடுக்கைத் தேடு, அடை.

ஒரு சிறு கணக்கு

நாளொன்றுக்கு 3 யூனிட் எடுக்க வேண்டிய ப்ரீசர், கதவு சரியாக மூடாததால் 4½ யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு வீண் 1½ யூனிட். 60 நாளில் 90 யூனிட். கணக்கு எளிதாக இருக்க யூனிட் 10 ரூபாய் என்று கொண்டால் ரூ.900. (உங்கள் ரசீதில் உள்ள விலையைப் போட்டு நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.)

தொள்ளாயிரம்தானே என்று எண்ண வேண்டாம். மளிகையில் நமக்கு நிற்பது நூற்றுக்கு ஐந்து என்றால், அந்த ரூ.900-ஐ ஈட்ட ரூ.18,000-க்குச் சரக்கு விற்றாக வேண்டும். ஒரு கிழிந்த ரப்பருக்காக இத்தனை வியாபாரம் செய்கிறோம்!

என் கடையிலேயே இது நடந்தது. கோடையில் ப்ரீசர் குளிரவில்லை என்று மெக்கானிக்கை அழைத்தேன். கேஸ் குறைந்துவிட்டது என்று நிரப்பிச் சென்றார். மூன்று வாரத்தில் மறுபடி அதே தொல்லை, மறுபடி கேஸ். அதற்குள் ஒரு நாள் ஐஸ்கிரீம் முழுவதும் இளகிப் போயிற்று. இளகி மறுபடி உறைந்ததைக் குழந்தைகள் கையில் கொடுக்க மனம் வராமல் அத்தனையையும் கொட்டினேன். கடைசியில் பார்த்தால், மூடியின் பின்மூலையில் ரப்பர் விரலளவு கிழிந்திருந்தது. அதை முதலிலேயே நான் பார்த்திருக்கலாம். பார்க்கத் தெரியவில்லை.

முதல் சோதனை: இரவு மீட்டர்

கடை மூடும்போது விளக்கு, விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பிரிட்ஜும் ப்ரீசரும் மட்டும் ஓடும்படி விட்டு, மீட்டர் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் திறந்ததும் மறுபடி குறியுங்கள். யாரும் கதவைத் திறக்காத நேரத்தில் குளிர்சாதனங்கள் மட்டும் எடுத்த மின்சாரம் இது. இதை நோட்டில் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை செய்தால் போதும். ஏறத் தொடங்கினால் ஏதோ கெட்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்து, மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். அப்போதும் மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்கினால், மின்கசிவோ தவறான இணைப்போ இருக்கலாம். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழையுங்கள்; நீங்களே கை வைக்க வேண்டாம்.

இரண்டாம் சோதனை: சீட்டு

ஒரு பத்து ரூபாய் நோட்டையோ பில் தாளையோ பிரிட்ஜ் கதவுக்கும் ரப்பருக்கும் நடுவில் வைத்து மூடுங்கள். மெல்ல இழுங்கள். இழுக்கக் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் அந்த இடம் நல்லது. தானாக வழுக்கி வந்தால் அங்கே குளிர் கசிகிறது. நான்கு பக்கமும், முக்கியமாக மூலைகளிலும் கீல் பக்கத்திலும் இப்படிப் பாருங்கள்.

பல நேரங்களில் ரப்பர் கெட்டிருக்காது. பால் பிசுக்கும் தூசியும் படிந்து ஒட்டாமல் இருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்து உலர்த்தினாலே பிடித்துக்கொள்ளும். கிழிந்திருந்தாலோ விறைத்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். ப்ரீசரின் உட்சுவரில் ஒரு பக்கம் மட்டும் ஐஸ் தடிப்பாகப் படிகிறதென்றால் வெளிக்காற்று அந்த வழியாகத்தான் புகுகிறது என்று கொள்ளலாம். படிந்த ஐஸ் குளிரைத் தடுக்கும் போர்வை மாதிரி. விரற்கடை சேரும் முன்பே கரைத்து எடுங்கள். கத்தியால் குத்த வேண்டாம்.

குளிர்காற்று கனமானது, கீழே இறங்கும். அதனால்தான் மேல்மூடி ப்ரீசரைத் திறந்தால் குளிர் பெரும்பாலும் உள்ளேயே நிற்கிறது. நிற்கும் பிரிட்ஜைத் திறந்தால் காலடியில் கொட்டிவிடுகிறது. அடிக்கடி விற்கும் பால், தயிரைக் கைக்கெட்டும் முன் தட்டில் வையுங்கள். கதவைத் திறந்துவிட்டுத் தேடும் நேரம் குறையும்.

மூன்றாம் சோதனை: நிற்கும் இடம்

நம் ஊரில் ஜி.எஸ்.டி. சாலை ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடுகிறது. ஆகவே சாலையின் கிழக்கு ஓரத்துக் கடைகள் மேற்குப் பார்த்தவை. பிற்பகல் முழுவதும் வெயில் கடைக்குள் விழும். அந்த வெயிலில்தான் பெரும்பாலோர் கண்ணாடிக் கூலரை நிறுத்தியிருக்கிறோம், வாடிக்கையாளர் கண்ணில் பட வேண்டுமென்று. வெயில் பட்ட கூலர் வெயிலோடு சண்டை போட்டுத்தான் பாட்டிலைக் குளிர்விக்க வேண்டும். இரண்டடி உள்ளே தள்ளுங்கள். அல்லது முகப்பில் தார்ப்பாய் இறக்குங்கள்.

இன்னொன்று. குளிர்பானக் கம்பெனி கொடுத்த கூலர் இலவசம். ஆனால் கரண்ட் நம்முடையது. ரப்பர் கெட்டிருந்தால் விற்பனைப் பிரதிநிதியிடம் சொல்லி மாற்றிக் கேட்கத் தயங்காதீர்கள்.

பெட்டியின் பின்புறமும் பக்கங்களும் சுவரோடு ஒட்டக் கூடாது. உள்ளிருந்து இழுத்த சூட்டை வெளியே விட அதற்கு இடம் வேண்டும். பின்கம்பிகளில் அரிசித் தவிடும் மாவுத் தூசியும் அடைந்தால் சூடு வெளியேறாது. மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

நான்காம் சோதனை: ஊதுபத்தி

வீட்டுக்கும், ஏ.சி. வைத்த கடைக்கும் இது பொருந்தும். ஏ.சி. ஓடும்போது ஊதுபத்தியைக் கொளுத்திக் கதவின் அடி, ஜன்னல் ஓரம், ஏ.சி. குழாய் சுவரைத் துளைக்கும் இடம் ஆகியவற்றின் அருகே பிடியுங்கள். திரைச்சீலையை ஒதுக்கிவிட்டுச் செய்யுங்கள். புகை நேராக எழும்பினால் நல்லது. இழுபட்டாலோ சிதறினாலோ அங்கே இடுக்கு இருக்கிறது. கதவடிக்கு ரப்பர் பட்டை, ஜன்னலுக்குப் பஞ்சுப் பட்டை, குழாய்த் துளைக்குச் சிமெண்டோ சிலிக்கான் பசையோ போதும்.

ஏ.சி.யை 18-ல் வைப்பதால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடாது. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. 24-ல் வைத்து மின்விசிறியையும் மெல்ல ஓடவிட்டால் உடம்புக்கும் நல்லது.

மேல்மாடி வீடுகளில் பெரிய ஓட்டை கூரைதான். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவெல்லாம் சூட்டை உள்ளே இறக்கும். தளத்துக்கு வெள்ளையடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். மாலையில் கடற்காற்று வீசும்போது கிழக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

ஓர் எச்சரிக்கை

அடைக்கக் கூடாத ஓட்டைகளும் உண்டு. சமையலறையின் காற்றுத் துளையை அடைக்காதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவும். சிலிண்டர் இருக்கும் இடத்தில் கீழ்மட்டக் காற்றுவழி அவசியம் வேண்டும். ஜெனரேட்டரை மூடிய அறையில் ஓட்டவே கூடாது. அதன் புகையில் மணமில்லாத நச்சு வாயு கலந்திருக்கிறது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் போய் உயிரை விலை கொடுக்க வேண்டாம்.

இந்த வாரப் பயிற்சி

1. இன்றிரவு மீட்டர் அளவைக் குறியுங்கள். நாளைக் காலை கழித்துப் பாருங்கள்.

2. கடையிலும் வீட்டிலும் உள்ள ஒவ்வொரு பிரிட்ஜுக்கும் சீட்டுச் சோதனை செய்து, வழுக்கிய இடத்தைச் சாக்பீஸால் குறியிடுங்கள்.

3. ரப்பரைத் துடைத்து, பின்கம்பியைத் தட்டி, பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள்.

4. ஒரு வாரம் கழித்து மறுபடி இரவு மீட்டர் பாருங்கள். வித்தியாசத்தைப் பேரேட்டில் வரவாகவே எழுதுங்கள்.

புதுப் பிரிட்ஜ் வாங்க வேண்டுமா, மெக்கானிக்கை அழைக்க வேண்டுமா என்பதையெல்லாம் இதற்குப் பிறகு முடிவு செய்யலாம். முதலில் ஒரு சீட்டையும் ஊதுபத்தியையும் கையில் எடுங்கள். சரக்கில் இருப்பு எடுக்கத் தெரிந்த நமக்கு, குளிரில் இருப்பு எடுப்பது கடினமல்ல.